வலி சார்ட்டோடு 11 வருடம்

எங்கள் அறுவை சிகிச்சை வார்டின் வலி சார்ட்டில் ஏழு கட்டங்கள் உண்டு. நேரம், வலிக்கும் இடம், அசையாமல் படுத்திருக்கும்போது எவ்வளவு, அசையும்போது எவ்வளவு, கொடுத்த மருந்து, தூக்கக் கலக்கம், மருந்துக்குப் பின் எவ்வளவு. செவிலியராக 11 வருடம் இதை நிரப்பியிருக்கிறேன். முதல் 5 வருடம் காகிதத்தில், பிறகு 6 வருடம் கணினியில். இதில் எது உதவியது, எது ஏமாற்றியது என்று எழுத ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

முதலில் எண். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் ஒரு வலி இருக்க முடியாது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். கேட்க ஐந்து நொடி போதும், கருவி எதுவும் வேண்டாம். ஆனால் ஓர் ஆளை அவரோடே ஒப்பிடத்தான் அது உதவும். காலையில் 7 சொன்னவர் மதியம் 4 சொன்னால் மருந்து வேலை செய்திருக்கிறது. ஒன்பதாம் படுக்கையின் 7ஐயும் பத்தாம் படுக்கையின் 7ஐயும் ஒப்பிட்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. வயதானவர்களில் பலர் எண் கேட்டால் தயங்குவார்கள். “லேசா இருக்கா, நடுத்தரமா, ரொம்பவா?” என்று கேட்டால் உடனே பதில் வரும். அப்போது சார்ட்டிலும் அதே சொல்லைத்தான் எழுத வேண்டும். அவர் ‘நடுத்தரம்’ என்றதை நாமே 5 ஆக்கினால், அடுத்த ஷிப்டில் வருகிறவர் அதை நோயாளியே சொன்ன எண்ணாக எடுத்துக்கொள்வார்.

ஆரம்பத்தில் எங்கள் சார்ட்டில் வலி அளவுக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. அது இரண்டான கதையை நான் மறக்கவே மாட்டேன். மேல் வயிற்றில் பெரிய கீறலோடு ஒருவர் வந்தார். எப்போது கேட்டாலும் “மூணு சிஸ்டர், பரவாயில்லை” என்பார். இரண்டு நாள் முழுக்க 3, 3, 3 என்று எழுதினோம். நானும் எழுதினேன். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்கல், ஆக்சிஜன் அளவு இறக்கம். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கிவிட்டது. படுக்கை அருகே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “அசையாம படுத்திருந்தா மூணுதான் சிஸ்டர். இருமினா உயிர் போகுது, அதான் இருமுறதே இல்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

அந்த ஆள் தேறி வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் ‘அசையும்போது’ என்ற கட்டம் வந்தது. இன்றைக்கும் இந்த ஒரு கட்டத்தை மட்டும் யாராவது காலியாக விட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்டு மட்டும் எழுதக் கூடாது, செய்யச் சொல்லிப் பார்த்து எழுத வேண்டும். ஒரு தலையணையைக் கீறலின் மேல் அணைத்துப் பிடித்து இருமச் சொல்லுங்கள். கட்டிலின் விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள். முடிந்ததா, பாதியில் நின்றதா, முயலவே இல்லையா? எண்ணை விட இந்தப் பதிலை மருத்துவர்கள் கவனமாகப் படிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அப்புறம் குறிப்பு எழுதும் இடம். சின்ன இடம்தான், பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். ஆனால் வலிக்கு நம் மொழியில் எத்தனை சொல்! குத்துது, குடையுது, கடுக்குது, இழுக்குது, பிசையுது, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குனு பாயுது, திகுதிகுன்னு எரியுது. ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. நீரிழிவால் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒருவருக்கு மூன்று நாளாக ‘கால் வலி, 8’ என்றே பதிவானது. மார்ஃபின் டோஸ் ஏறிக்கொண்டே போனது, எண் இறங்கவில்லை. நான்காம் நாள், சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்: “இல்லாத பாதம் நெருப்புல வச்ச மாதிரி எரியுது, நடுநடுவுல கரண்ட் அடிக்குது.” காலை ரவுண்ட்ஸில் அதைப் படித்த மருத்துவர் நரம்பு வலிக்கான மாத்திரையைத் தொடங்கினார். சில நாளில் அந்த நோயாளி இரவில் தூங்கினார். எரிச்சல், மின்சாரம் பாய்வது, ஊசி குத்துவது, மரத்துப்போவது எல்லாம் நரம்பு வலியின் அடையாளங்கள். 2005இல் வெளியான டிஎன்4 என்ற 10 கேள்விப் பட்டியல் இவற்றைத்தான் கேட்கிறது. 4 அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு ‘ஆம்’ என்று வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியல் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் வாயிலிருந்து வந்த சொல்லை மாற்றாமல் எழுதுங்கள்.

‘மருந்துக்குப் பின்’ கட்டத்துக்கு வருகிறேன். ஊசி ரத்த நாளத்தில் போனால் 15 முதல் 30 நிமிடத்தில், மாத்திரை என்றால் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். காகித நாட்களில் இது பெரும்பாலும் நடக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஷிப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவோம். எல்லா எண்ணும் அழகாக இரண்டு இரண்டாகக் குறைந்திருக்கும். கணினி வந்ததும் பதியும் நேரம் தானாக விழுந்தது, நேரமானால் நினைவூட்டலும் வந்தது. அதனால் திரும்பிப் போய்க் கேட்கிறோம். கணினி செய்த ஆகப் பெரிய நன்மை இதுதான்.

ஆனால் புதுத் தொல்லை ஒன்றும் சேர்ந்தது. முந்தைய பதிவை ஒரே அழுத்தில் நகலெடுக்கும் வசதி. வலது விலாவில் வலி என்று திங்கட்கிழமை எழுதியது, அங்கே போட்டிருந்த குழாயை எடுத்து வலி தோளுக்கு மாறிய பிறகும் வியாழன்வரை வலது விலாவாகவே தொடர்ந்தது. அந்தப் பொத்தானை நான் இப்போது தொடுவதில்லை.

தூங்குகிறவருக்கு 0 போடும் பழக்கத்தையும் விட வேண்டும். களைத்துப் போனவர் வலியோடும் தூங்குவார். ‘தூங்குகிறார்’ என்றே எழுதி, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, கூப்பிட்டால் சுலபமாகக் கண் திறக்கிறாரா என்று சேர்க்க வேண்டும். மார்ஃபின் வகை மருந்துகளில் மூச்சு குறைவதற்கு முன்பு பெரும்பாலும் தூக்கக் கலக்கம்தான் கூடும். தூக்கக் கலக்கத்தை அளக்கும் பசேரோ அளவுகோலில், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகினால் அது 3. அங்கே அடுத்த டோஸை நிறுத்திவைத்து மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் வாய் 8 என்று சொன்னாலும் சரி.

எண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்க வலிச் சங்கம், நாடி, ரத்த அழுத்தம்போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகப் பார்க்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லது, அதுவரை வலியை யாரும் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. ஆனால் எண்ணைக் குறைப்பதே இலக்காகிப்போனது, ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்ற விமர்சனம் வந்தது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்தக் கருத்தைக் கைவிடச் சொன்னது. எங்கள் வார்டிலும் ‘எல்லோருக்கும் 4க்குக் கீழே’ என்று ஒரு விதி சில மாதம் இருந்தது. அந்த மாதங்களில் நடக்க வேண்டியவர்கள் மயங்கிக் கிடந்தார்கள். விதியை நீக்கியதில் எனக்கு நிம்மதி.

மருந்துக் கட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும். பாராசிட்டமால் டிரிப்பாக ஒரு பக்கத்தில், டிரமடால் என்ற இன்னொரு வலி மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக இன்னொரு பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாகப் பாராசிட்டமாலின் ஒரு நாள் வரம்பு 4 கிராம். இரண்டையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. இரவு டியூட்டியில் கூட்டியபோது அடுத்த டோஸோடு வரம்பு தாண்டப்போவது தெரிந்தது. கூட்டு மாத்திரை கொடுத்தால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள்.

கடைசியாக, சொல்ல முடியாதவர்கள். இடுப்பெலும்பு முறிந்து வந்த, மறதி நோய் முற்றிய ஒரு பாட்டி. “வலிக்குதா பாட்டி?” என்றால் பேசாமல் பார்ப்பார். ‘வலி இல்லை’ என்று இரண்டு ஷிப்ட் எழுதியிருந்தோம். அவர் மகள்தான் சொன்னார்: “அம்மாவுக்கு வலிச்சா போர்வையைச் சுருட்டிப் பிடிப்பாங்க சிஸ்டர்.” போய்ப் பார்த்தால் விரல் முட்டி வெளுக்கும் அளவுக்குப் போர்வையைப் பிடித்திருந்தார். பதில் சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகளிலும் இது இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு 2003இல் வந்த பெயினாட் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். மூச்சு, முனகல், முகம், உடலசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. அதோடு வீட்டார் சொல்லும் அடையாளத்தை முதல் வரியிலேயே எழுதிவைப்பேன். பாட்டியின் பதிவில் ‘போர்வையைச் சுருட்டினால் வலி’ என்று இருந்தது.

கணினித் திரையில் இன்னும் இல்லாத ஒரு கட்டம், நோயாளிக்கு என்ன வேண்டும் என்பது. சிலருக்கு வலி சுத்தமாகப் போக வேண்டும். சிலருக்கு 4 இருந்தாலும் கழிவறைக்குத் தானே நடந்து போனால் போதும். கேட்டுக் குறிப்பில் எழுதுகிறேன், ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் வாயாலும் சொல்கிறேன். போன வாரம் இப்படிச் சொன்னேன்: “ஒன்பதாம் படுக்கை. படுத்திருந்தா 2, உட்காரும்போது 7. ஊசி போட்டு அரை மணி நேரத்தில் 4. நாற்காலியில் பத்து நிமிஷம் இருந்தார். நாளைக்குக் கழிவறைக்கு நடந்து போகணுமாம்.” காகித நாட்களிலிருந்து என்னோடு இருக்கும் அக்கா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இருமினாரா?”