ஆதார் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

நான் பாலியல் தொழில் செய்கிறவள். இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். திருச்சி பக்கம் இருக்கிறேன், பேர் வேண்டாம்.

கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து உடுத்திய சேலையோடு வெளியே வந்தவள் நான். ஆதார் எடுக்கவே இல்லை. ஆதார் இல்லாமல் ரேஷன் கார்டு கிடையாது, அது இல்லாமல் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகைக்கு மனுவே போட முடியாது. ஆதார் சென்டரில் முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டுக்காரம்மா வாடகையைக் கையில் வாங்கிக்கொள்வார், ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றால் மட்டும் "நாளைக்கு ரெய்டு வந்தா என்னையும்ல சேத்து இழுப்பாங்க" என்பார். நான் வீட்டில் வைத்துத் தொழில் செய்வதே இல்லை. ஆனால் தெரிந்தே விபச்சார விடுதிக்கு இடம் விட்டால் உரிமையாளருக்கும் தண்டனை என்று 1956 விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது, அவர் பயம் அவருக்கு. பெண்களுக்கு உதவி செய்யும் இடம் ஒன்றுக்கும் போனேன். அங்கே இருந்த மேடம், "முதல்ல இதை விட்டுட்டு ஹோமுக்கு வந்துடும்மா, கார்டெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றார். ஏழாவது படிக்கிற பிள்ளையை எங்கே விடுவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவன், என்னைப் பற்றித் தெரிந்தவன். சான்றே வேண்டாம், 4,500 கொடு என்றான். கைரேகை, கண் எதுவும் எடுக்கவில்லையே அண்ணே என்றேன். "உங்க ஆளுங்களுக்கு அது தனி கோட்டா" என்றான். பத்து நாள் கழித்து, ஆதாருக்குப் பதிந்த சீட்டு என்று ஒன்றைக் கொடுத்தான். வெளிச்சத்தில் பார்த்தால் என் பேர் இருந்த இடத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு, யாருடைய சீட்டின் மேலோ துண்டுப் பேப்பரை ஒட்டி ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான். எண்ணுக்குப் பக்கத்தில் தேதி 2019.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஸ்டேஷனுக்குப் போயேன், என்ன வேலை பாக்குறேன்னு முதல்ல அங்க சொல்லு" என்றான். இந்த ஒரு வரியை நம்பித்தான் இவர்கள் எல்லாரும் பிழைக்கிறார்கள்.

சரி, தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். புது ஆதார் எடுக்கக் காசு கிடையாது. விரலோ கண்ணோ பாதிக்கப்பட்டவர்களைத் தவிர, கைரேகையும் கண்ணும் எடுக்காமல் பெரியவர்களுக்கு ஆதார் வராது. பாலியல் தொழில் செய்யும் நமக்கு முகவரிச் சான்று இல்லாமலே கொடுக்கச் சொல்லி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் போதும். ஆதார் பதிவு எண்ணில் நம் தொழிலைக் காட்டும் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. போலீஸ் நம்மை மரியாதையாக நடத்த வேண்டும், திட்டவோ அடிக்கவோ கூடாது என்பதும் அதே உத்தரவுதான்.

உத்தரவு இருக்கிறது என்பதற்காக உடனே நடந்துவிடாது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் கேட்டபோது, அவ்வப்போது என் ரத்தம் எடுக்கிற அதே ஆட்கள், அப்படி ஒரு படிவமே பார்த்ததில்லை என்றார்கள். காண்டம் கொடுக்க வரும் எய்ட்ஸ் தடுப்பு ப்ராஜெக்ட் அக்கா அந்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு நாலு தடவை நடந்த பிறகுதான் சென்னையிலிருந்து சான்றிதழ் வந்தது. அதைக் கொடுத்தபோதும் சென்டர் பையன் இரண்டு முறை சத்தமாகப் படித்தான், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் மடித்துக் கொடுங்கள், "மேனேஜரைக் கூப்பிடு" என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்று கைவிரித்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 இருக்கிறது.

கார்டு வந்துவிட்டது. 4,500இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அவன் இப்போது உரிமைத்தொகை வாங்கித் தருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நம் ஆட்களிடம் 2,000 கேட்கிறானாம்.