மைலேஜ் கணக்கு: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லாரும் தக்கலை வீட்டில் கூடியிருந்தோம். பேச்சு காருக்கு வந்தது. டல்லாஸில் இருக்கும் சித்தப்பா மகன், "என் வண்டி 34 தருது" என்றான். பர்மிங்காமில் இருக்கும் மருமகன், "எனக்கு 42 கிடைக்குது மாமா" என்றான். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் அக்கா மகள், "எங்க வண்டி ஆறரை" என்றாள். என் வண்டி 15.7.

கேட்டவர்கள் பர்மிங்காம் வண்டிதான் கெட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். தாளை எடுத்து நாலையும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றிப் பார்த்தேன். டல்லாஸ் 14.5, பர்மிங்காம் 14.9, ஜெர்மனி 15.4, என்னுடையது 15.7. நாலும் ஏறக்குறைய ஒரே குடி குடிக்கிற வண்டிகள்.

அமெரிக்காக்காரனும் பிரிட்டன்காரனும் சொல்வது ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று. மைல் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், 1.609 கிலோமீட்டர். கேலன்தான் வேறு. அமெரிக்காவில் 3.785 லிட்டர், பிரிட்டனில் 4.546 லிட்டர். பிரிட்டனில் முன்பு ஒயின் அளந்த பழைய கேலனை அமெரிக்கா அப்படியே வைத்துக்கொண்டது. பிரிட்டன் 1824-இல் சட்டம் போட்டுப் புது கேலனுக்கு மாறியது. அதனால் ஒரே கார், ஒரே ரோடு என்றாலும் பிரிட்டன் கணக்கில் எண் 20 சதவீதம் கூடுதலாகத் தெரியும். வெளிநாட்டு வீடியோ பார்த்து வண்டி ஒப்பிடுகிறவர்கள் முதலில் அது எந்த ஊர் கேலன் என்று பார்க்க வேண்டும்.

மனக்கணக்கு லேசுதான். அமெரிக்க எண் என்றால் பாதியாக்கி, அதில் 15 சதவீதம் கழியுங்கள். 40 என்றால் 20, அதில் 3 போக 17. பிரிட்டன் எண் என்றால் மூன்றால் வகுத்து, கொஞ்சம் கூட்டுங்கள். 40 என்றால் 13.3, கூட்டினால் 14-க்குச் சற்று மேல். ஜெர்மனி கணக்கு தலைகீழ், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று: 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நம் மைலேஜ், நம் மைலேஜால் வகுத்தால் அவர்கள் எண். அங்கே எண் குறைந்தால்தான் நல்ல வண்டி. இவ்வளவுதான் கேலன் சங்கதி. மாற்றி எழுதிவிட்டு அதை மறந்துவிடலாம்.

உண்மையான போட்டி நம்முடைய லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டருக்கும் ஐரோப்பாவின் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டருக்கும்தான். வண்டி மாற்றும் முடிவெடுக்க ஐரோப்பியக் கணக்குதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன். காரணம் எங்கள் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறது.

அண்ணனிடம் இரண்டு டீசல் வண்டி. குலசேகரம் ரப்பர் தோட்டத்துக்கு ஓடும் பழைய ஜீப், லிட்டருக்கு 10. வீட்டுக் கார், லிட்டருக்கு 20. இரண்டும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். காரைக் கொடுத்துவிட்டு 25 தரும் புது வண்டி எடுக்கலாமா, ஜீப்பைக் கொடுத்துவிட்டு 12.5 தரும் வண்டி எடுக்கலாமா என்று கேட்டார். "காரில் அஞ்சு கூடுது, ஜீப்பில் ரெண்டரைதானே கூடுது?" என்பது அவர் வாதம்.

லிட்டரில் எழுதிப் பாருங்கள். கார் மாதம் 50 லிட்டர் குடிக்கிறது. 25 தரும் வண்டி 40 குடிக்கும். மிச்சம் 10 லிட்டர். ஜீப் 100 லிட்டர் குடிக்கிறது, 12.5 தரும் வண்டி 80 குடிக்கும். மிச்சம் 20 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 900-க்கும் 1,800-க்கும் உள்ள வித்தியாசம். அண்ணன் தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் சயன்ஸ் இதழில் எழுதியது இதே மயக்கத்தைப் பற்றித்தான். இப்போது அங்கே புதுக் காரின் ஸ்டிக்கரில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் அச்சாகிறது. நம் ஷோரூம்களிலும் அப்படி ஒரு எண் இருந்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும்.

சராசரி பார்ப்பதிலும் இதே சிக்கல். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கணக்குக்கு 72 என்று வைப்போம். பகலில் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று கிளச்சை மிதித்து மிதித்துப் போகும்போது 12 கிடைக்கிறது. ராத்திரி ரோடு காலியாக இருக்கும்போது திரும்பினால் 18. சராசரி 15 என்று தோன்றும். போக 6 லிட்டர், வர 4 லிட்டர், மொத்தம் 144 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். சராசரி 14.4தான். லிட்டரைக் கூட்டினால் தப்பு வராது.

லிட்டருக்குக் கிலோமீட்டர் என்ற நம் கணக்குக்கும் இடம் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு டேங்கில் நாலு லிட்டர் இருக்கிறது, வீடு போய்ச் சேருமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

சி.என்.ஜி. வண்டிக்குக் கிலோவுக்கு இத்தனை என்பார்கள், கரண்டு வண்டிக்கு யூனிட்டுக்கு இத்தனை. கிலோவையும் லிட்டரையும் யூனிட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றினால்தான் உண்டு.

எந்த அளவில் எழுதினாலும் எண் உண்மையாக இருக்க வேண்டும். கம்பெனி சொல்லும் மைலேஜ் சோதனைக் கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் வரும்போது முகத்தில் அடிக்கிற காற்று அந்தக் கூடத்தில் கிடையாது. நான் செய்வது டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல். ஒரே பங்க், நாசில் தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவேன். போன தடவை 412 கிலோமீட்டருக்கு 26.3 லிட்டர் பிடித்தது. வகுத்தால் 15.7, டேஷ்போர்டு காட்டியது 17.1.

அண்ணனும் இப்போது ஜீப்பில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று மூன்று கட்டம். ஜீப்பை வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்.