தொட்டிக்கரி: குழியில் சுடுவதா, டிரம்மில் சுடுவதா?

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும். தேங்காய்ப் பருப்பை எடுத்த பிறகு குவிகிற தொட்டியை, அதாவது சிரட்டையை, அப்படியே எடை போட்டுக் கொடுத்துவிடலாம், இல்லை சுட்டுக் கரியாக விற்கலாம். தண்ணீரையும் காற்றையும் சுத்திகரிக்கிற நுண்துளைக் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால் கரிக்குத் தேவை எப்போதும் உண்டு. நாங்கள் பல வருடம் குழியில்தான் சுட்டோம். போன வருடம் டிரம்முக்கு மாறினோம், இனி குழிப்பக்கம் போகிற எண்ணமில்லை.

குழிக்கு முதலீடு கிடையாது, நிறையத் தொட்டியை ஒரே நேரத்தில் போடலாம், ஆட்களுக்கும் பழகிய வேலை. புகை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரம் என்பது 200 லிட்டர் எண்ணெய் பேரல்தான். பக்கவாட்டில் மூன்று வரிசை ஓட்டை போட்டு, அடியில் தீ மூட்டித் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கீழே தணல் நன்றாகப் பிடித்ததும் அந்த வரிசையை அடைத்துவிட்டு மேல் வரிசையைத் திறக்க வேண்டும். வெள்ளைப் புகை மெலிந்து நீலம் தட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அது டிரம்மில் உள்ள தொல்லை. 100 கிலோ தொட்டிக்கு 30 கிலோ கரி வந்தால் நன்றாகச் சுட்டதாக அர்த்தம்.

ஆனால் எங்களை மாற வைத்தது சுடுவது இல்லை, அணைப்பது. குழியை எவ்வளவு மூடினாலும் எங்கோ காற்று புகுந்துவிடும், கடைசியில் தண்ணீர் ஊற்றித்தான் அணைப்போம். ஈரக்கரிக்கு ஆலையில் எடை கழிப்பார்கள். அதைவிட மோசம், குழி மண் கரியோடு சேர்ந்துகொள்வது. ஆலையில் 800 டிகிரிக்கு மேல் நீராவி விட்டுக் கரியின் ஒரு பகுதியை அரித்துத்தான் நுண்துளை உண்டாக்குகிறார்கள். கரி அப்படிக் குறையும், மண்ணும் சாம்பலும் குறையாது, அதனால் முடிவில் சாம்பல் விகிதம் ஏறிவிடும். மண் கலந்த கரியை அவர்கள் தள்ளுவது நியாயம்தான். அப்புறம், அணைக்க ஊற்றி வடிகிற அந்தக் கறுப்புத் தண்ணீர். தாரும் பீனால் என்ற நச்சு ரசாயனமும் கலந்து நிலத்துக்குள் இறங்குகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே புகை வாடை வந்தது, இந்தப் பக்கத்து ஊர்மக்கள் கரிச்சூளைகளை எதிர்த்துப் போராடியது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

டிரம்மில் மூடி போட்டு, ஓட்டைகளையும் விளிம்பையும் களிமண்ணால் பூசிவிட்டால் காற்றில்லாமல் தானாகவே அணைந்துவிடும், மறுநாள் காலையில் திறக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். டிரம்மின் அடித்தகடு சூட்டில் அரித்துப் போகும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஈரக்கரிக்குக் கழித்த எடையை நினைத்தால் எனக்கு அது பெரிய செலவாகத் தெரியவில்லை. புகை இதிலும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் புகையையே திருப்பி எரிபொருளாக்கும் மூடிய உலைகளும் இருக்கின்றன. புகையைக் குளிர வைத்தால் அசிட்டிக் அமிலம், மெத்தனால், பீனால் எல்லாம் திரவமாக இறங்கும். பெட்ரோலிய ரசாயனம் வருவதற்கு முன் இவற்றில் சிலவற்றை மரத்தைச் சுட்டே எடுத்தார்கள். பெரிய அளவில் செய்பவர்களுக்கு அதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஓட்டியதில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

டிரம்மில் தொடங்குகிறவர்கள் தொட்டியை நன்றாகக் காய வைத்துப் போடுங்கள். திறந்த கரியை உடனே மூட்டை கட்டாதீர்கள், உள்ளே சூடு இருந்தால் தானாகத் தீப்பிடிக்கும். ஒரு நாள் பரப்பி வைத்துவிட்டு ஒரு துண்டைச் சிமென்ட் தரையில் போட்டுப் பாருங்கள். கணீரென்று கேட்டு, உடைத்த விளிம்பு பளபளத்தால் சரியாக வெந்த கரி.