வார்ஃபரினா, அபிக்சபானா?

காலில் ரத்தக்கட்டி வந்த வண்டிப்பெரியாறு, மூணாறு எஸ்டேட்காரர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த இரண்டு மாத்திரையில் எது என்ற குழப்பம் இருக்கிறது. முதலில் ஒன்று: இரண்டு மாத்திரையுமே கட்டியைக் கரைப்பதில்லை. ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் பின்னிய கட்டியை அறுத்துக் கரைப்பது நம் உடம்பிலேயே உள்ள பிளாஸ்மின் என்ற நொதி. அது வேலை செய்யும்வரை கட்டி வளராமல் காப்பதுதான் மாத்திரையின் பங்கு.

வேகம்
வார்ஃபரின்: முழுப் பலனுக்குச் சில நாள், அதுவரை ஹெப்பாரின் ஊசி.
அபிக்சபான்: சில மணி நேரம்.

செலவு
வார்ஃபரின்: மாத்திரை மலிவு. ஆனால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) பார்க்க அடிக்கடி டவுனுக்குப் போகணும். பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3க்குள் நிற்க வேண்டும். பஸ் காசு, ஒரு நாள் கூலி இரண்டையும் சேர்த்துத்தான் விலை பார்க்கணும்.
அபிக்சபான்: விலை கூடுதல், ஐஎன்ஆர் வேண்டாம்.

சாப்பாடு
வார்ஃபரின்: லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை தளிர்த்ததும் தினமும் கீரை, அப்புறம் பல நாள் கிடையாது என்றால் ஐஎன்ஆர் ஏறி இறங்கும். கீரையை விட்டுவிடாதீர்கள், அளவைச் சீராக வையுங்கள்.
அபிக்சபான்: இந்தத் தொல்லை இல்லை.

மறதி
வார்ஃபரின்: தினம் ஒரு வேளை, பலன் சில நாள் நிற்கும்.
அபிக்சபான்: இரண்டு வேளை, தவறினால் காப்பு சீக்கிரம் குறையும்.

இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு வார்ஃபரின்தான், பேச்சே இல்லை. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் ஹெப்பாரின் ஊசிதான். மற்றபடி காலில் மட்டும் கட்டி, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வேளை தவறாமல் போடுவீர்கள் என்றால் நான் அபிக்சபான் பக்கம். டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். எதுவானாலும் மூட்டுவலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிச் சேர்க்காதீர்கள், ரத்தக்கசிவு வரும்.