செல் பாஸ், பை ரிஜெக்ட்: தோலுக்கு அடியில் வைக்கிற இன்சுலின் பை பற்றி

போன வாரம் குடியாத்தம் மாமா வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். சர்க்கரை நோய்க்கு முடிவு கட்டியாச்சு, இனிமேல் ஊசியே வேண்டாம், டீ பேக் மாதிரி ஒரு பையைத் தோலுக்கு அடியில் வைத்தால் போதும் என்று டமடம இசையோடு ஓடுகிறது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "டேய், இது எங்க கிடைக்குதுன்னு விசாரிச்சு வாங்கிடு, காசை நான் பாத்துக்கறேன்." மாமாவின் பாசத்தில் குறையே இல்லை. பொருள்தான் எந்தக் கடையிலும் இல்லை. கடைக்கு வராத பொருளுக்கு ரிவ்யூவா என்று கேட்காதீர்கள், அதை மனித உடம்பில் வைத்துப் பார்த்து, திரும்ப வெளியே எடுத்து, முடிவையும் வெளியிட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்தது 11 வயதில், இப்போது 34. வீடு சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டையில், ஷூ அப்பர் தைக்கிற கம்பெனியில் தரப் பரிசோதனை. தோலை மடக்கி மடக்கி எங்கே வெடிக்கிறது என்று பார்ப்பது, நனைத்துப் பார்ப்பது, கிழித்துப் பார்ப்பது, இதற்குத்தான் சம்பளம். இதில் ஒரு டெஸ்ட் உண்டு: பாட்டிலில் சிலிக்கா ஜெல் போட்டு, அதன் வாயில் தோல் துண்டை மூடி போல மாட்டி, எவ்வளவு ஈரக் காற்று உள்ளே போகிறது என்று எடை போடுவோம். நல்ல ஷூ என்றால் மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, கால் வியர்வை ஆவியாக வெளியே போயாக வேண்டும். ஒன்றை விடு, ஒன்றைத் தடு. அந்த டீ பேக்கின் மொத்த சூட்சுமமும் இதேதான் என்று படித்தபோது எனக்கு வேலை ஞாபகம்தான் வந்தது.

டைப் 1-ல் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. புதுச் செல் வைத்தாலும் அதையும் அழிக்கும். அதனால் செல்களை ஒரு சவ்வுப் பைக்குள் போட்டு உள்ளே வைக்கலாம் என்று யோசித்தார்கள். சவ்வின் துளை வழியாக சர்க்கரை, ஆக்சிஜன், இன்சுலின் போய் வரும், தாக்க வருகிற வெள்ளணு பெரிசு, அது நுழையாது. யோசனை பழசு. 1980-லேயே கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் உருண்டைக்குள் செல்களை அடைத்து எலிக்கு வைத்துப் பார்த்துவிட்டார்கள். இன்னும் பின்னால் போனால், இன்சுலின் கண்டுபிடிக்கும் முன்பே, 1893-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு 15 வயதுப் பையனுக்கு ஆட்டுக் கணையத்தைத் துண்டாக்கித் தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

சரி, டீ பேக்குக்கு வருவோம். வயாசைட் என்கிற அமெரிக்கக் கம்பெனி 2014-ல் மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கியது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, இன்னும் முழுசாகப் பக்குவப்படாத கணையச் செல்கள் பைக்குள். உடம்புக்குள் போனபின் அவை பக்குவமாகி இன்சுலின் சுரக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அவர்களுடைய சோதனை முறை. பெரிய பையோடு சின்னச் சின்ன சாம்பிள் பைகளையும் வைத்துவிட்டு, நடுவில் ஒவ்வொன்றாக எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். நாங்களும் லாட்டுக்கு ஒரு துண்டு வெட்டி வைப்போம், அதே கணக்கு.

எடுத்துப் பார்த்தால் பிரச்சினை பளிச்சென்று தெரிந்தது. முள் குத்தி உள்ளேயே தங்கிவிட்டால் சுற்றிலும் சதை கெட்டியாகிறதே, அதுபோல உடம்பு பையைச் சுற்றித் தழும்புத் திசுவால் சுவர் கட்டிவிட்டது. வெளியே ரத்தம் ஓடுகிறது, உள்ளே செல் மூச்சு முட்டிச் சாகிறது. ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் தானாகப் பரவுகிற தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். கணையத்திலோ இந்தச் செல் திட்டுகள் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்துகொண்டு, அங்கே வருகிற ரத்தத்தில் பத்து பதினைந்து பங்கை வாங்கிக்கொள்ளும். அப்படி ராஜபோகமாக இருந்ததைக் கொண்டுபோய் ஜன்னல் இல்லாத ரூமில் பூட்டினால் எப்படி?

சரி, சவ்வில் ஓட்டை போட்டு ரத்தக் குழாயை உள்ளே வளர விடுவோம் என்று அடுத்த மாடல் கொண்டுவந்தார்கள். அதில் செல் பிழைத்தது. 2021-ல் வந்த அறிக்கையில் 17 பேரில் 6 பேர் ரத்தத்தில் சி-பெப்டைட் தெரிந்தது. சி-பெப்டைட் என்பது உடம்பு சொந்தமாக இன்சுலின் செய்யும்போது கூடவே விழுகிற துணுக்கு, ஊசி இன்சுலினில் அது இருக்காது, அதனால் சரக்கு உள்ளூரில் செய்ததா வெளியில் வாங்கியதா என்று காட்டும் முத்திரை மாதிரி. ஆனால் சுரந்த அளவு ரொம்பக் குறைவு, யாரும் ஊசியை விடவில்லை. போதாததற்கு, ஓட்டை வழியே வெள்ளணுவும் வருமே, அதற்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேறு. மழையில் ஒழுகும் ஷூவுக்கு மேலே பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு நடக்கிற கதை.

இஸ்ரேல் கம்பெனி ஒன்று ஆக்சிஜன் பிரச்சினைக்கு வேறு வழி பார்த்தது. டப்பாவுக்குள்ளேயே ஆக்சிஜன் அறை, அதற்கு தினமும் வெளியிலிருந்து நிரப்ப வேண்டும். ஸ்வீடனில் நாலு பேருக்கு வைத்தார்கள், செல் உயிரோடு இருந்தது, சர்க்கரையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றம் இல்லை. தினம் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி எனக்கு நானே காற்றடித்துக்கொள்ள வேண்டும் என்றால் இன்சுலினே தேவலை. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

என் தொழில் கண்ணுக்கு உண்மையான டெஸ்ட் என்று பட்டது வெர்டெக்ஸ் கம்பெனி செய்ததுதான், அவர்கள்தான் 2022-ல் வயாசைட்டையும் வாங்கியவர்கள். முழுசாகப் பக்குவப்பட்ட செல்லைப் பை இல்லாமல் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். 2025 ஜூனில் வந்த முடிவு: முழு டோஸ் வாங்கிய 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து ஊசி தேவைப்படவில்லை. அதே செல்லை இன்னொரு சோதனையில் பைக்குள் போட்டு, மாத்திரை இல்லாமல் வைத்தார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் 90 நாள் கழித்துப் பார்த்தால் சி-பெப்டைட் போதவில்லை, 2025 மார்ச்சில் அந்தப் பையை மேற்கொண்டு கொண்டுபோவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஒரே தோல், இரண்டு லைனிங். ஒன்று நிற்கிறது, ஒன்று நிற்கவில்லை. அப்புறம் குற்றம் யார் மேல் என்று தனியாகச் சொல்லணுமா? செல் பாஸ், பை ரிஜெக்ட்.

பாஸ் ஆன செல்லுக்கும் விலை இருக்கிறது, வீடியோவில் அதைச் சொல்லவே இல்லை. காலத்துக்கும் அடக்கு மாத்திரை. அந்தச் சோதனையில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு மூளைச்சவ்வில் பூஞ்சைத் தொற்று. ராத்திரி சர்க்கரை ரொம்பக் குறைந்து, அதாவது லோ ஆகி, சுயநினைவு தப்புகிறவர்களுக்கு இந்த ரிஸ்க் எடுப்பதில் நியாயம் இருக்கலாம். எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த ஒன்று. 42 வயசுக்காரர் ஒருவருக்கு, இறந்தவர் தானம் கொடுத்த செல்களில் மரபணுவைத் திருத்தி, எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாதபடி மாற்றி, முன்னங்கைத் தசையில் ஊசியால் வைத்தார்கள். பையும் இல்லை, மாத்திரையும் இல்லை. செல் உயிரோடு இருக்கிறது, இன்சுலினும் சுரக்கிறது. வைத்தது சின்ன டோஸ், அவர் ஊசியை விடவில்லை, ஆளும் ஒரே ஆள். ஒரு சாம்பிளை வைத்து நான் லாட் பாஸ் போட மாட்டேன். ஆனால் கோணியே வேண்டாம், அரிசிக்கே சட்டை போட்டுவிடலாம் என்று யோசித்தான் பாருங்கள், அங்கே நிற்கிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில மாதம் முன்பு ஒரு கிளினிக்கிலிருந்து போன், ஸ்டெம் செல் போட்டால் டைப் 1 போய்விடும், லட்சக்கணக்கில் ஆகும், தவணையில் கட்டலாமாம். சி-பெப்டைட் ரிப்போர்ட் காட்டுங்கள் என்றேன், லைன் கட். நம் நாட்டில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) விதிப்படி ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்கள் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல் என்றால் அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டும்தான், காசு வாங்கி வைத்தியமாகச் செய்யக்கூடாது. பெற்றவர்களின் பயம்தான் இவர்களுக்கு முதலீடு, ஏமாறாதீர்கள்.

நான் இப்போது உபயோகிப்பது பேனா இன்சுலினும் சர்க்கரை பார்க்கக் கையில் ஒட்டுகிற சென்சாரும். வேலூர் கத்திரி வெயிலில் 14 நாள் ஒட்டியிருக்க வேண்டிய சென்சார் ஒன்பதாம் நாளே வியர்வையில் உரிந்துகொண்டு வரும். கரண்ட் போனால் இன்சுலினுக்கு அம்மாவின் ஈர மணல் போட்ட பானைதான். ஆம்பூர் பிரியாணிக்கு ஒரே தடவையில் மொத்த யூனிட்டும் போட்டால் முதலில் லோ, மூணு மணி நேரம் கழித்துக் கொழுப்பு வேலை செய்து எகிறும், அதனால் இரண்டாகப் பிரித்துப் போடுகிறேன்.

இதையெல்லாம் சுருக்கி மாமாவுக்கு போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இந்த வருஷமும் ஊசிதானா?"

"ஆமா மாமா."

"சரி விடு. ஞாயித்துக்கிழமை வா, அத்தை பிரியாணி போடறா. எத்தனை யூனிட்டுன்னு நீயே கணக்குப் பாத்துக்கோ."