ஸ்லீப் பட்டனைப் போட்டால் சளி பிடிக்காதா?

ஸ்ப்ளிட் ஏசி விற்கிறவர் தவறாமல் காட்டுவது, ரிமோட்டில் பிறை நிலா போட்ட ஸ்லீப் பட்டன். "குழந்தைங்க இருக்கிற வீடா? இதைப் போட்டுடுங்க, சளியே பிடிக்காது" என்பார். பாதிதான் உண்மை.

பெரும்பாலான மாடல்களில் இது செய்வது எளிய வேலை. முதல் மணி நேரம் கழிந்ததும் ஒரு டிகிரி ஏற்றும், இரண்டாவது மணியில் இன்னொன்று. பிறகு அப்படியே நிற்கும். ஃபேன் வேகமும் குறையும். 24 வைத்துப் படுத்தால் நள்ளிரவுக்குப் பிறகு 26. விடியற்காலையில்தான் உடம்புச் சூடு மிகவும் இறங்கும், போர்வையைத் தேடுவதும் அப்போதுதான். அந்த நேரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் 18 வைத்துவிட்டு ஸ்லீப் போடுபவர்களுக்குக் கிடைப்பது 20தான். 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அதைக் கீழே இறக்குவது நம் கை.

இன்னொரு குறை, அறைச் சூட்டை அளக்கும் சென்சார். அது இருப்பது மேலே, ஃபில்டருக்குப் பின்னால். குளிர்காற்று கீழே இறங்கும். மேலே 24 என்றால் தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கு அதைவிடக் குளிராக இருக்கும். அவர்களுக்கு 26 வைத்து, காற்றைத் திருப்பிவிடும் தகடான லூவரைக் கிடைமட்டமாக நிறுத்தி, சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விடுவதே சரி.

குளிர் மட்டும் சளியைக் கொண்டுவராது, வைரஸ் வேண்டும். அதற்காகக் குளிருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளியான சோதனையில், 90 பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தார்கள். இன்னொரு 90 பேர் ஷூ, சாக்ஸோடு வெறும் பாத்திரத்தில் வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாளில் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 13 பேர், இரண்டாவதில் 5 பேர். வைரஸ் இருந்ததா என்று யாரும் பரிசோதிக்கவில்லை, அது பெரிய ஓட்டை. குளிரில் மூக்கின் ரத்தக் குழாய்கள் சுருங்கி எதிர்ப்பு குறைய, ஏற்கெனவே ஒளிந்திருந்த வைரஸ் தலைதூக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். "தலையைத் துவட்டு" என்று விரட்டும் பாட்டியை முழுக்கத் தள்ளிவிட முடியாது.

ஸ்லீப் பட்டனால் தொட முடியாத விஷயம், மூடிய அறை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். ஒருவர் தும்மினால் மற்றவர்களுக்கும் அதே காற்றுதான். படுக்கும் முன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், அரை மணியில் நின்றுவிடுகிறது, காய்ச்சலும் இல்லை என்றால் அது பெரும்பாலும் தொற்று அல்ல. தூசி அல்லது குளிர்காற்றுக்கு மூக்கு காட்டும் எதிர்ப்பு. முதலில் ஃபில்டரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தூசி படியாத பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சைதான். ஏசி போட்டதும் ஊறிய சாக்ஸ் வாடை வந்தால் ஃபில்டர் கழுவுவது போதாது. காற்றைக் குளிரவைக்கும் காயில், அதை வெளியே தள்ளும் புளோயர், தண்ணீர் சொட்டும் டிரெயின் டிரே மூன்றையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த வறண்ட காற்றே மூச்சுக்குழலைச் சுருக்கும். ஸ்லீப் இருந்தாலும் காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது.

வாங்கும் முன் இரண்டு கேள்வி. சில மணி நேரத்தில் ஸ்லீப் மோடு ஏசியையே அணைத்துவிடுமா? சில மாடல்கள் அணைக்கும், விடியும் முன்பே புழுங்கி எழ வேண்டும். ரிமோட்டிலேயே சென்சார் உண்டா? இருந்தால் படுக்கை உயரத்துச் சூட்டை அதுவே ஏசிக்குச் சொல்லும். அதற்கு ரிமோட் ஏசியைப் பார்த்தபடி கட்டிலோரம் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் போனால் கணக்கு தப்பிவிடும்.