கனடாவில் ஆசிரியர் வேலை என்று காசு கேட்கிறார்களா? கொழும்பில் படிப்பிக்கும் நம்மவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் ஆலோசனை நிலையம் ஒன்றுக்கு 2023ஆம் ஆண்டு நான் ஆறரை இலட்சம் ரூபாய் கட்டினேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கணித ஆசிரியர் வேலை எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். வேலை கிடைக்கவில்லை. கட்டிய காசில் இரண்டு இலட்சம் மட்டும் திரும்பி வந்தது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள், எதை வைத்து நம்ப வைத்தார்கள் என்பதை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். வேறு பெயர்ப் பலகையின் கீழும் இதே பேச்சுத்தான் நடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பதினொரு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தேன். பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி மூலம் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது எங்கள் வீட்டில் நடந்தது எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். சம்பளம் இருபதாம் திகதியைத் தாண்டவில்லை. ஆசிரியர் அறையில் இடைவேளையில் கதை ஒன்றுதான்: யார் போகிறார்கள், எந்த நாட்டுக்கு, யார் மூலம். அந்த வருடம் ஜூன் மாதம், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுத்து வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று சுற்றறிக்கையும் வந்தது. போகலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது.

அடுத்த மார்ச்சில் முகநூலில் ஒரு விளம்பரம். 'கனடாவில் ஆசிரியர் தட்டுப்பாடு, ஐ.ஈ.எல்.ரி.எஸ். தேவையில்லை, குடும்பத்தோடு போகலாம்.' பாடசாலை விட்ட கையோடு கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். குளிரூட்டிய அறை, கனடாக் கொடி, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் முத்திரை குத்திய ஒரு சான்றிதழ். கதைத்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மிகவும் மரியாதையானவர். "டீச்சர் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. வேலைய விடவும் தேவையில்ல. அஞ்சு வருச லீவு இருக்குத்தானே, போய்ப் பாத்திட்டுப் பிடிக்கேல்ல எண்டா திரும்பி வாங்கோ" என்றார். சுற்றறிக்கையின் இலக்கத்தைக்கூடச் சொன்னார். அந்த இடத்தில்தான் என் கணவர் நம்பினார்.

முதல் நாள் பைல் திறக்க 75,000. இரண்டு கிழமை கழித்து, சான்றிதழ்களை மதிப்பீடு செய்து ஆசிரியர் உரிமம் எடுக்க இரண்டேகால் இலட்சம். அதற்கென்று என் பட்டச் சான்றிதழ், டிப்ளோமா, நியமனக் கடிதம் எல்லாவற்றையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மே மாதம் ஒரு பாடசாலையிலிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது என்று காட்டி, எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க, வேலை கொடுப்பவர் கனடா அரசிடம் எடுக்கும் அனுமதி) கட்டணம் என்று மூன்றரை இலட்சம். அதற்காக என் காப்பு இரண்டையும் அடகு வைத்தோம். அன்றைக்கே ஏழெட்டுப் படிவங்களில் கையொப்பம் வாங்கினார்கள். சில படிவங்கள் வெறுமையாக இருந்தன. "நாங்க டைப் பண்ணிப் போடுறம்" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். காசு போனதைவிட இதுதான் பெரிய பிழை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் கண்ணைத் திறந்தது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாள். அவளும் ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, கலியாணம் முடித்து அங்கே போனவள். சந்தோஷமாகச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஆசிரியர் கல்லூரியில உன்ர பெயர்ல பதிவு திறந்தாச்சோ? உனக்கு ஈமெயில் வந்ததோ?"

எனக்கு ஒரு ஈமெயிலும் வரவில்லை.

ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி என்பது பெயரில்தான் கல்லூரி. அங்கே யாரும் படிப்பதில்லை. மாகாணத்தின் அரச நிதியில் நடக்கும் பாடசாலைகளில் படிப்பிக்க உரிமம் கொடுக்கும் சபை அது. விண்ணப்பத்தை நாமே இணையத்தில் திறக்கலாம். கட்டணத்தையும் நேரே அந்தச் சபைக்கே கட்டலாம். முக்கியமான விஷயம், பாடப் பெறுபேறுகள் நாம் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக அவர்களுக்குப் போக வேண்டும். நம் கையால் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள், முகவர் கையால் கொடுத்தாலும் ஏற்கமாட்டார்கள். அப்படியென்றால் நான்கு மாதம் என் அசல் சான்றிதழ்களைத் தங்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டியவர்கள் எதை மதிப்பீடு செய்தார்கள்? நான் தமிழில் பயிற்சி பெற்றவள் என்பதால் ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியும் என்பதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை என்ற விளம்பரம் அங்கேயே விழுந்துவிட்டது. 2015இல் ஒன்ராறியோவில் ஆசிரியர் பயிற்சியை நான்கு பருவங்களாக, அதாவது இரண்டு வருடமாக ஆக்கியிருந்தார்கள். நம்முடைய ஒரு வருட டிப்ளோமாவோடு போனால் மேலதிகமாகப் படிக்கச் சொல்லலாம் என்பதையும் மச்சாள்தான் சொன்னாள்.

அவள் போன வழியைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தெளிவாகவும் இருந்தது. முதல் வருடம் ஒரு பாடசாலையில் பிள்ளைகள் மதியம் சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளும் வேலை செய்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் கல்விச் சபை நடத்தும் தமிழ் வகுப்பில் படிப்பித்திருக்கிறாள். அதற்கு அந்த உரிமம் கட்டாயமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆவணம் போய்ச் சேர அவளுடைய தங்கை அலைந்தாள், மொழிப் பரீட்சையை மச்சாள் இரண்டு தரம் எழுதினாள். உரிமம் கையில் வந்த பிறகும் நிரந்தர வேலை இல்லை. ஆசிரியர் வராத நாட்களில் போகும் பதில் ஆசிரியர் பட்டியலில்தான் முதலில் பெயர் ஏறியது. காலையில் போன் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. கொழும்பில் இருந்தபடியே வேலைக் கடிதம் என்று யாராவது சொன்னால், இவ்வளவையும் யார் எனக்காகச் செய்து முடித்தார்கள் என்று ஒருமுறை கேளுங்கள்.

அடுத்த நாளே மாடியேறிக் கேட்டேன். அந்தத் தம்பியிடம் பதில் தயாராக இருந்தது. "டீச்சர், இது தனியார் பாடசாலை. அங்க அந்த உரிமம் தேவையில்ல." இது உண்மை. ஒன்ராறியோவில் தனியார் பாடசாலைகள் உரிமம் இல்லாதவர்களையும் வேலைக்கு எடுக்கலாம். என்னைக் கட்டிப்போட்டது இப்படியான உண்மைகள்தான். ஐந்து வருட விடுமுறை உண்மை. ஆசிரியர் தட்டுப்பாடு உண்மை. ஆனால் அது கூடுதலாகப் பிரெஞ்சு படிப்பிக்கிறவர்களுக்கு. எல்.எம்.ஐ.ஏ. என்று ஒன்று இருப்பதும் உண்மை. பொய்யை எங்கே வைத்தார்கள் என்றால் இந்த உண்மைகளுக்கு நடுவே.

சரி, உரிமம் தேவையில்லை என்றால் உரிமம் எடுக்க என்று இரண்டேகால் இலட்சம் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "மனேஜர் வந்து கதைப்பார்" என்றார். மனேஜர் அன்றைக்கு வரவில்லை, அடுத்த கிழமையும் வரவில்லை.

அன்றிரவு மச்சாளும் நானும் போனில் இருந்தபடியே தேடினோம். ஒன்ராறியோ கல்வி அமைச்சு தனியார் பாடசாலைகளின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. என் வேலைக் கடிதத்தில் இருந்த பாடசாலை அதில் இல்லை. கடிதம் வந்த முகவரி ஜிமெயில். 'எங்கள் மூலம் போன டீச்சர்' என்று அவர்கள் சுவரில் படம் மாட்டியிருந்த இரண்டு பேர் அரச பாடசாலையில் படிப்பிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆசிரியர் கல்லூரியின் இணையத்தளத்தில் உரிமம் உள்ள எந்த ஆசிரியரின் பெயரையும் தேடிப் பார்க்கலாம். அந்த இரண்டு பெயரும் அங்கே இல்லை. எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் 1000 கனேடிய டொலர். அதை வேலை கொடுப்பவர்தான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் திருப்பி அறவிடுவது கனடாச் சட்டப்படி குற்றம். என் காப்பு போனது அந்தக் கட்டணத்துக்குத்தான்.

சான்றிதழ்களை மீட்க நான் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் கணவரின் அண்ணா கூட வந்து சத்தம் போட்ட பிறகு பைலைத் தூக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து புரட்டியபோது நடுவில் ஒரு கடிதம். கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் நான் நான்கு வருடம் ஆங்கில மொழி மூலம் கணிதம் படிப்பித்ததாக எழுதி, முத்திரையும் குத்தியிருந்தது. அந்தப் பாடசாலை வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. அதற்குப் பின்னால் என் கையெழுத்தோடு ஒரு படிவம். அன்றைக்கு வெறுமையாக இருந்த அதே படிவம். அந்தக் கடிதம் விசா விண்ணப்பத்தோடு போய்ப் பிடிபட்டிருந்தால், பொய்த் தகவல் கொடுத்ததாக ஐந்து வருடம் கனடாவுக்குள் போகவே முடியாது. முகவருக்கு ஒன்றும் ஆகாது, தடை என் கடவுச்சீட்டுக்குத்தான். காசைத் திரும்ப உழைக்கலாம். இதை நினைத்து நான் பல இரவு தூங்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வெறும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் பெயரில் என்ன அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொரு தாளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓகஸ்ட் மாதம் பத்தரமுல்லை கொஸ்வத்தையில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போனேன். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் யாரும் அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். இருந்த அதிகாரி கணினியில் பெயரைத் தட்டினார். அனுமதிப்பத்திரம் இல்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது என்ன என்று கேட்டார். போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அது வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் இருப்பது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த அந்தத் தாளை நான் ஒருநாளும் கிட்டப்போய் வாசிக்கவில்லை. மாடிப்படி ஏறும் முன் 1989க்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் போதும். அது பணியகத்தின் தகவல் இலக்கம். அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியல் அவர்கள் இணையத்தளத்திலும் இருக்கிறது.

இன்னொன்றையும் அங்கேதான் விளங்கிக்கொண்டேன். என் மூன்று பற்றுச்சீட்டிலும் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்றுதான் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. வேலை என்ற சொல்லே இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவர்கள் சொன்னதும் அதுதான்: நாங்கள் வேலை முகவர் இல்லை, ஆலோசனை மட்டும்தான் கொடுத்தோம். என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப். சம்பளம் இவ்வளவு, எல்.எம்.ஐ.ஏ.க்கு இவ்வளவு என்று அந்தத் தம்பி அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அழியாமல் இருந்தன. அவற்றைக் கேட்ட பிறகுதான் இரண்டு இலட்சம் வந்தது. கனடாக் குடிவரவுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்வதற்கும் அந்த நாட்டில் உரிமம் வேண்டும், அந்த ஆலோசகர்களின் பெயர்ப் பதிவும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. 'எங்கட கனடா லோயர்' என்று அவர்கள் சொன்ன பெயரை நான் ஆலோசகர் பட்டியலிலும் தேடினேன், சட்டத்தரணிகள் பட்டியலிலும் தேடினேன். இரண்டிலும் இல்லை.

அதே ஆலோசனை நிலையத்தில் என்னோடு காத்திருந்த ஒரு தங்கச்சிக்கு ஆஸ்திரேலியா என்று சொல்லியிருந்தார்கள். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்த பிள்ளை. அங்கே ஆசிரியத் தகைமையை மதிப்பிடும் நிறுவனம் நான்கு வருட உயர்கல்வி கேட்கிறது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்றால் கேட்டலிலும் பேசுதலிலும் 8, வாசிப்பிலும் எழுத்திலும் 7. இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமலேயே நான்கு இலட்சம் வாங்கிவிட்டார்கள். அவளுடைய அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அது அவருடைய சேமலாப நிதிக் காசு. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நான் போகும் எண்ணத்தை விடவில்லை. இந்த முறை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதிப் பெறுபேறுகளை அனுப்பக் கேட்டிருக்கிறேன், மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறேன்.

இதுவரை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். நீங்களும் வெள்ளவத்தையில் அப்படி ஒரு மாடியில் காசு கட்டியிருந்தால், பற்றுச்சீட்டை எறிய வேண்டாம், வாட்ஸ்அப்பை அழிக்க வேண்டாம். அசல் சான்றிதழ்களை முதலில் கையில் வாங்குங்கள், பைலுக்குள் உங்கள் பெயரில் என்னென்ன கடிதம் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு பத்தரமுல்லைக்குப் போங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். கூட வருகிறேன்.